நம்ம வீட்டுக்கு எந்த பேக்?

செண்பகவல்லிக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எனக்கு எதுக்குட்டி பொறாமை? அவ யாரு, நான் யாரு?" என்பாள். பாகீரதியின் பெயரைக் கேட்டதும் உதட்டைச் சுழிப்பதும், பாகீரதி கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை வந்தனா ரசித்துச் சாப்பிட்ட அன்றைக்குத் தன் டப்பாவைப் பாதியில் மூடி வைத்ததும் பொறாமையில் சேராதாம். சரி, அதற்கு அவள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

வாஷியில் இன்சூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்த்து அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் செண்பாவும் வந்தனாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். செண்பா கோவில்பட்டியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, தாராவியில் தோல் பட்டறை வேலையில் இருந்த அண்ணன் வானமாமலையிடம் வந்தவள். அஞ்சல் வழியில் பி.காம். படித்து இந்த நாற்காலியைப் பிடித்தாள். வந்தனா மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். இரண்டு பேரும் குர்லாவில் ரயில் மாற வேண்டியவர்கள். நெரிசலில் ஒருத்தி பையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டதில் ஆரம்பித்த சிநேகிதம், சனிக்கிழமை தவறாமல் செண்பா மாட்டுங்காவுக்கு நடந்தே போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

போவது விளையாட. வந்தனா வீட்டுக் கம்ப்யூட்டரில் 'சன்னி லேன்' என்று ஒரு விளையாட்டு இருந்தது. அதில் ஜெயிப்பது, தோற்பது எல்லாம் கிடையாது. ஆள் செய்ய வேண்டும், வீடு கட்ட வேண்டும், அந்த ஆளை வேலைக்கு அனுப்ப வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வைத்துக் கக்கூசுக்கும் அனுப்ப வேண்டும். மறந்துபோனால் அது நடு ஹாலில் நின்று அழும். "இதுக்குப் பேரு வெளையாட்டா? இதத்தான தெனமும் செஞ்சுக்கிட்டு கெடக்கோம்" என்று முதல் நாள் செண்பா சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை காபி வருவதற்கு முன்பே அவள்தான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு பெண்களைச் செய்தார்கள். ஒருத்தி பெயர் 'செண்பு', இன்னொருத்தி பெயர் 'வந்து'. இருவருக்கும் சேர்த்து ஒரு வீடு. செண்புவின் அறைக்கு நீலத் திரை, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். தாராவியில் அண்ணன், மதினி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் படுத்தது போக மிஞ்சிய மூலையில்தான் செண்பா படுப்பாள். மும்பையில் அவளுக்கென்று இருந்த ஒரே அறை அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது.

ஆனால் வெறும் விளையாட்டை வாங்கினால் வெறும் வீடுதான் கிடைக்கும். பூனை நாய் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு பேக் வாங்க வேண்டும். மழை பெய்ய வேண்டுமென்றால் வேறு ஒரு பேக். கல்யாணத்துக்கு ஒன்று, ஊர் சுற்ற ஒன்று. "மழைக்குக் காசா? எங்க வீட்டுக்கு வரச் சொல்லு, உள்ளயே பெய்யுது" என்றாள் செண்பா. இருந்தாலும் வாங்கினார்கள். தீபாவளியை ஒட்டி எல்லா பேக்கும் பாதி விலைக்கு வரும். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி போட்டு ஒன்றே ஒன்று வாங்குவார்கள். எது என்று முடிவு பண்ண ஒரு வாரம் சண்டை போடுவார்கள். உண்மையைச் சொன்னால், வாங்குவதைவிட அந்தச் சண்டைதான் செண்பாவுக்குப் பிடிக்கும். முதல் தீபாவளிக்குப் பூனை வந்தது, கடலை என்று பெயர் வைத்தார்கள். அடுத்த தீபாவளிக்கு மழை.

இந்தத் தீபாவளிக்கு பிளாட் பேக்தான் என்று செண்பா ஆடியிலேயே மனசுக்குள் எழுதி வைத்துவிட்டாள். அதை வாங்கினால் லிஃப்ட் வைத்த மாடிக் கட்டடத்தில் இரண்டு பேர் சேர்ந்து குடியிருக்கலாம். நிஜத்திலும் வாஷிப் பக்கம் வாடகைக்கு ஒரு பிளாட் எடுத்து வந்தனாவோடு இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். விளையாட்டிலாவது முதலில் குடியேறிவிட்டால் பிறகு பேச்சை எடுப்பது சுலபம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அந்தக் கணக்கில்தான் பாகீரதி வந்து விழுந்தாள்.

பாகீரதி ஜூனில் சேர்ந்தவள், திலக் நகர்க்காரி. வீட்டில் தமிழ்தான், ஆனால் வாயைத் திறந்தால் பாதி இந்திதான் வரும். அவளும் சன்னி லேன் விளையாடுகிறவளாம். சும்மா இல்லை, சொந்தக் கம்ப்யூட்டரில், எல்லா பேக்கும் வாங்கி வைத்து. இது தெரிந்த நாளிலிருந்து வந்தனா எந்தச் சந்தேகம் வந்தாலும் பாகியைத்தான் கேட்டாள். பாகி! சேர்ந்து நான்கு மாசம் ஆகவில்லை, அதற்குள் செல்லப் பெயர் வேறு. செண்பகவல்லி செண்பாவாக ஒரு வருஷம் பிடித்தது.

சாயங்கால வண்டியில் மூன்று பேரும் நின்றுகொண்டே வந்தார்கள். செண்பா பேச்சை எடுப்பதற்குள் பாகீரதி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"பிளாட் பேக் பேக்கார் யார், வேஸ்ட். சும்மா லிஃப்ட்ல ஏறி எறங்கறது. ஃபார்ம் பேக் வாங்குங்க. மாடு, கோழி, தக்காளி... ஏக்தம் மஸ்த்."

"மாடா? தாராவியில இருந்து வாஷி வரைக்கும் இடிபட்டு வந்து, கம்ப்யூட்டர்ல மாடு மேய்க்கவா?" என்றாள் செண்பா.

நல்ல கேலிதான். ஆனால் வந்தனா அதற்குச் சிரிக்கவில்லை. "மாட்டுக்கு நம்மளே பேர் வெக்கலாமோ?" என்று பாகீரதியைக் கேட்டாள். செண்பாவுக்கு வயிறு எரிந்தது. திலக் நகரில் பாகீரதி இறங்கின பிறகு வந்தனா அவளுக்கு மட்டும்தான். குர்லாவில் மாறி சயானில் செண்பா இறங்குகிற வரைக்கும் கொஞ்ச தூரம் இருந்தது. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் ஒருத்தி மனசிலிருந்து ஒரு மாட்டை எப்படி விரட்டுவது? செண்பா முடிந்த மட்டும் பேசிப் பார்த்தாள். வந்தனா எல்லாவற்றுக்கும் "பாக்கலாம் டி" என்றாள்.

தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை உட்கார்ந்து முடிவு பண்ணுவதாக ஏற்பாடு. அந்த வாரம் பார்த்துத்தான் சனிக்கிழமை ஷிஃப்டில் செண்பாவின் பெயரைப் போட்டார்கள். வந்தனாவுக்கும் பாகீரதிக்கும் லீவு.

"அதனால என்ன? மத்தியானம் போன் பண்ணு. பேசி முடிவு பண்ணிடலாம்" என்றாள் வந்தனா.

"நான் பூ வாங்க மாட்டுங்கா மார்க்கெட் வரணும். அப்படியே உன் வீட்டுக்கு ஆ ஜாவூங்கி" என்றாள் பாகீரதி.

பூ வாங்க, திலக் நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிற செம்பூரில் கடையே இல்லையா? செண்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பொறாமை என்றுதான் பெயர் வரும்.

சனிக்கிழமை காலை முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. பைக்கில் போய் விழுந்த ஒருவரின் கிளெய்மைப் பிரசவக் கணக்கில் சேர்த்துவிட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் மாட்டுங்கா வீட்டின் கம்ப்யூட்டர் மேஜைதான் நின்றது. அதற்கு முன்னால் பாகீரதி. வந்தனாவின் அம்மா கொடுத்த காபி பாகீரதி கையில். ஐயோ, அந்த டம்ளர் கூட செண்பா வழக்கமாகக் குடிக்கிற டம்ளராக இருக்குமோ? சாப்பாட்டு இடைவேளை வந்ததும் டப்பாவைத் திறக்காமல் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

"சொல்லு டி" என்றாள் வந்தனா. பின்னால் பாகீரதியின் குரல் இந்தியில் என்னவோ சளசளவென்று கேட்டது.

"அவ வந்துட்டாளா?"

"வந்துட்டா. பேக்கெல்லாம் ஒண்ணொண்ணா காமிச்சுண்டிருக்கா."

"ஏ, அவ சொல்லுத எதையும் கேக்காத. நம்ம வீட்டுக்கு பிளாட் பேக்குதான் வேணும். நம்ம வீடு எப்படி இருக்கணும்னு அவ என்னட்டி சொல்லுதது?"

பின்னால் பாகீரதியின் சளசளப்பு நிற்கவே இல்லை. பிறகு வந்தனாவின் குரல் தெளிவாக வந்தது.

"அது எங்க வீடு. எங்களுக்கு என்ன வேணுமோ, அத நாங்க பாத்துக்கறோம்."

கூடவே பாகீரதியின் சிரிப்பு. சந்தோஷமான, வாய் நிறைந்த சிரிப்பு.

செண்பா போனைத் துண்டித்தாள்.

தமிழில் இப்படி ஒரு பொல்லாத்தனம் இருக்கிறது. 'நம்ம வீடு' என்றால் கேட்கிற ஆளும் வீட்டுக்குள்ளே. 'எங்க வீடு' என்றால் கேட்கிற ஆள் வாசலுக்கு வெளியே. இந்திக்காரர்களுக்கு இந்த வம்பே கிடையாது. 'ஹமாரா' என்று சொல்லி எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிடுவார்கள். யார் நிஜமாகவே பாயில் இருக்கிறார்கள் என்பது சொன்னவர்களுக்குத்தான் வெளிச்சம். செண்பா கோவில்பட்டித் தமிழில் வளர்ந்தவள். நாமும் நாங்களும் அவள் காதில் ஒருநாளும் குழம்பியதில்லை. 'நம்ம வீடு' என்று அவள் கேட்டாள், 'எங்க வீடு' என்று பதில் வந்தது. இதற்கு மேல் ஒருத்தியை எப்படி வெளியே தள்ளுவது? கழுத்தைப் பிடித்தா?

வந்தனா திரும்பக் கூப்பிட்டாள். செண்பா எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். 'மீட்டிங்' என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைவிட அதிகமாக ஆத்திரம் முட்டியது. ரெண்டு பேரும் சேர்ந்து மாடு வாங்கட்டும். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பால் கறக்கட்டும்!

சாயங்காலம் வண்டியில் அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனை எடுத்தாள். சன்னி லேன் போனிலும் திறக்கும், திக்கித் திணறி. கணக்கு ஒன்றுதான், பாஸ்வேர்ட் இரண்டு பேருக்கும் தெரியும். வீடு வந்தது. செண்பு அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். 'வந்து' சோபாவில் பூனை கடலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செண்பா செண்புவை அழுத்தி, 'வீட்டை விட்டுப் போ' என்ற பொத்தானைத் தொட்டாள்.

எந்தெந்தச் சாமான்களை எடுத்துப் போகிறாள் என்று விளையாட்டு கேட்டது. அடுப்பு, ஃபிரிட்ஜ், இரண்டு கட்டில், சாப்பாட்டு மேஜை, டி.வி. என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். நீலத் திரையை எடுத்தாள். வந்துவின் அறையிலிருந்த மஞ்சள் திரையையும் எடுத்தாள். மின்விசிறி, குப்பைத் தொட்டி, வாசல் மிதியடி எதையும் விடவில்லை. பூனையையும் எடுத்தாள். 'வந்து' உட்கார்ந்திருந்த சோபாவைத் தொட்டபோது அவள் எழுந்து நின்றுகொண்டாள், சோபா போய்விட்டது. கக்கூஸை மட்டும் விட்டு வைத்தாள், அந்த அளவுக்கு நல்ல மனசு. 'நிச்சயமா?' என்று கேட்டது. நிச்சயம் என்றாள். அடுத்த ஸ்டேஷன் மான்குர்ட் தாண்டுவதற்குள் குடித்தனம் காலி.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மதினி போட்ட சாப்பாட்டை மறு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பயம் வந்தது. வந்தனா பார்த்திருப்பாள். கூப்பிட்டுத் திட்டுவாள், 'ஏண்டி இப்படிப் பண்ணினே' என்று கத்துவாள், தானும் கத்தலாம் என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மதினி மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. போன் அடிக்கவே இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் வந்தனா அவளைப் பார்த்து, "சாப்டாச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். 'டி' இல்லை.

மத்தியானம் டப்பாவைக் கழுவுகிற இடத்தில் பாகீரதி வந்து பக்கத்தில் நின்றாள். செண்பா குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள்.

"செண்பா, ஒண்ணு சொல்லட்டா? எனக்கு உன் மேல ரொம்ப ஜலன் இருந்துச்சு, தெரியுமா?"

செண்பா நிமிர்ந்து பார்த்தாள். யாருக்கு யார் மேல் பொறாமை?

"சச்சி. எங்கிட்ட எல்லா பேக்கும் இருக்கு. ஆனா அக்கேலி விளையாடறேன். அவ்வளவு பெரிய வீடு கட்டி உள்ள யாரும் இல்ல. உங்க ரெண்டு பேர் வீட்டப் பாத்தா பொகையும்." பாகீரதி சிரித்துக்கொண்டே சொன்னாள். "சனிக்கெழம அவகிட்ட கேட்டேன், என் ஆளையும் உங்க வீட்ல வெச்சுக்கோ, நான் ஃபார்ம் பேக் கிஃப்ட் பண்றேன்னு. அப்பதான் உன் போன் வந்துச்சு. நான் விடல, பின்னாடியே நின்னு கேட்டுட்டே இருந்தேன். அவ போனக் காதுல வெச்சுக்கிட்டே எம்பக்கம் திரும்பி, 'அது எங்க வீடு, எங்களுக்கு என்ன வேணுமோ நாங்க பாத்துக்கறோம்'னா. நான் ஒரு பாகல், லூசு, ஹமாரா கர்னு நெனச்சுட்டேன்! என்னையும் சேத்துட்டான்னு குஷியில சிரிச்சேன். அப்பறம் அவ உக்கார வெச்சு சம்ஜாய்ச்சா. எங்கன்னா அவளும் நீயும். நான் இல்ல. கித்னி பேஇஜ்ஜத்தி, எவ்வளவு அவமானம், சொல்லு!"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. டப்பா நிரம்பி வழிந்தது. போனில் முகம் தெரியாதே. வந்தனா எந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள் என்று பார்க்க முடியாதே. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் பாகீரதி. அந்த 'எங்க'வுக்குள் இருந்தது அவள், செண்பகவல்லி!

"ஆனா பரவால்ல" என்று பாகீரதி அவள் தோளைத் தட்டினாள். "நேத்து அவளே கூப்ட்டா. வீடு காலி, நீ வர்றியான்னு. நீதான் காலி பண்ணிக் குடுத்தே. தேங்க்ஸ் டி."

செண்பா ஈரக் கையோடு ஓடினாள். வந்தனா தன் இடத்தில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தனா, நான் அதத் தப்பாக் கேட்டுட்டேன் ட்டி. நீ என்னப் பாத்து சொல்லுதன்னு நெனச்சுட்டேன். எங்க வீடுன்னதும் எனக்குப் புத்தி பேதலிச்சிட்டு" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வந்தனா முழுக்கக் கேட்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

"அப்படி நான் உன்னப் பாத்து சொல்லுவேனா?" என்றாள். "ரெண்டு தடவ போன் பண்ணினேனே, செண்பா. எடுத்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே. நேத்து கார்த்தால திறந்து பாத்தா வீட்ல ஒரு கரண்டி கூட இல்ல. 'வந்து' நடு ஹால்ல நின்னுண்டு அழறா. பூனையக் கூட எடுத்துண்டு போயிட்டே."

"எல்லாத்தையும் திரும்ப வச்சிருதேன். இன்னைக்கே வச்சிருதேன்."

"அந்த வீட்டத்தான் வித்தாச்சே."

செண்பா கேட்க வேண்டாம் என்று நினைத்தாள். நாக்கு கேட்டுவிட்டது.

"நீங்க எந்த பேக்கு வாங்குனிய?"

நீங்க. மரியாதைக்கான நீங்க இல்லை. இரண்டு பேருக்கான நீங்க. தன் வாயிலிருந்தே அது வந்ததைக் கேட்டு அவளுக்கே திக்கென்றது.

"பிளாட் பேக்தான்" என்றாள் வந்தனா. "நீ சொன்னது சரிதான், நன்னாத்தான் இருக்கு. நாங்க ஏழாவது மாடியில இருக்கோம்." பிறகு செண்பாவின் கலங்கின கண்ணைப் பார்த்து அவளுக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, ஆசையாகவே சொன்னாள். "எங்க பிளாட்டுக்கு எதிர்ல ஒண்ணு காலியா இருக்கு. செண்புவ அங்க கொண்டு வந்துடேன். எங்களுக்கும் தொணையா இருக்கும்."

பாகீரதி அந்தப் பக்கம் கூட இல்லை. வந்தனா நேருக்கு நேர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். எங்க, எங்களுக்கு. செண்பா தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். தனக்கு இவ்வளவு நன்றாகத் தமிழ் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.